பில்லின் பின்பக்கம்

கரண்ட் பில்லின் பின்பக்கத்தில்
வளவைக் கீறினோம்:
எங்கே வெயில் தங்கும்,
கச்சான் காற்று எந்த மூலையால் நுழையும்,
குளித்த தண்ணீர் எங்கே தேங்கும்.
அங்கே வாழை.

திருக்கடலூர்க் கரையில்
யூட் கைவிட்ட ஃபைபர் வள்ளம்
இப்போது கீரைப் பாத்தி.
ஓட்டை அப்படியே இருக்கட்டும்,
இனி அது தண்ணீர் வடியும் வழி.
அடியில், மாரி மழை உப்பைக் கழுவிய சாதாளை;
மேலே மாட்டெரு.
கட்டில் கம்பியில் பயிற்றை ஏறியது.

விடியப்புறம்
கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான் ஒன்று
கொழுந்தை மென்றபடி நிமிர்ந்தது,
நாங்கள்தான் அத்துமீறி வந்தவர்கள்போல.

தவமலர் கத்தவில்லை.
பில்லை எடுத்து
வேலிக்கு வெளியே இன்னொரு பாத்தி கீறினாள்:
"இது அதுக்கு."

முன்பக்கத்தைத் திருப்பினேன்.
கட்ட வேண்டிய கடைசி நாள்
போன வெள்ளி.