இடது கார்னர்

அறுபத்திரண்டு லட்சம்.
நண்டுக் கம்பெனி வாசலில், எடைத்தட்டு காய்வதற்குள்
ஹமீது நைனா அதை வகுத்துவிட்டான்:
சீசனுக்கு இருபத்திரண்டு ஆட்டம்,
ஆட்டத்துக்குப் பதினான்கு ரைடு,
ஒருமுறை கோட்டைத் தாண்டிப் போய்வர
இருபதாயிரத்துச் சொச்சம்.
"போய் வந்தாச் சரி. போய் நின்னுட்டா?"

களஞ்சியராஜின் வலதுகால்தான் பேச்சு.
மோர்ப்பண்ணையிலிருந்து லீக்குக்குப் போன ஒரே கால்.
அந்த முதல் எட்டு போய்விட்டதாம்.

சூசைமிக்கேல் கைப்பேசியை வெயிலுக்கு மறைத்து
பழைய ஆட்டத்தை ஓட்டுகிறான், நிறுத்துகிறான்.
"இங்க பாரு, கால் மேட்ல இருக்கு.
இங்க பாரு, இல்ல.
நடுவுல என்ன ஆச்சுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது.
அதுக்குத்தான்டா காசு.
இப்ப நடுவுல எல்லாமே தெரியுது."

ஓடு உடைத்து சதை எடுத்தபடி
உமையாள் தலைநிமிராமல் சொல்கிறாள்:
"முட்டியில கத்தி வச்சு எட்டு மாசம்.
ரெண்டு ரைடு சும்மா போச்சுன்னா
மூணாவதுக்கு அவனத்தான் தள்ளிவிடுறாங்க.
புள்ளி எடுக்கலேன்னா வெளிய.
ஏழு பேரும் அவன் காலையே பாத்துக்கிட்டு நிக்கிறான்.
நீ போயேன், குதி பாப்பம்."

"குதிக்கவா செய்யிறான்?
போனஸ் கோட்டைத் தொட்டுட்டுத் திரும்புறான்,
கரண்டு பில்லு கட்டப் போனவன் மாதிரி."

என்னை யாரும் கேட்கவில்லை.
பகலில் நான் வலையிலிருந்து நண்டு கழற்றுகிறவன்.
கொடுக்கு திரும்புமுன் பின்னாலிருந்து பிடிக்கணும்.
ராத்திரியில் திருப்பாலைக்குடி அணிக்கு இடது கார்னர்.
ரெண்டும் ஒரே வேலை.

சனிக்கிழமை கச்சான் விழுந்துவிட்டது.
பெண்கடல் அசையாமல் கிடந்தது.
உப்புத்திடலில் உமி தூவிய களம்,
ஜெனரேட்டர் இருமும்போதெல்லாம் மங்குகிற விளக்கு.
சொந்த ஊருக்காகக் காசு வாங்காமல் இறங்கியிருந்தான்.
அதற்கும் ஹமீது ஒரு கணக்கு வைத்திருந்தான்.

கடைசி ரெண்டு நிமிஷம்,
நாங்கள் ஒரு புள்ளி முன்னால்.
வந்தான்.
கபடிகபடிகபடிகபடி
குரல் அதே குரல்.
தோள் ஒரு பொய் சொன்னது,
இடுப்பு வேறொன்று,
கால் என்ன சொல்லும் என்று காத்திராமல்
நான் விழுந்தேன்.

கணுக்கால் என் கைக்குள் இருந்தது.
டேப்புக்குக் கீழே
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றிச் சூடு.
ஒரு இழுப்பு இழுத்தான்.
என் தம்பி இழுப்பான் அப்படி.
இவ்வளவுதானா என்று நினைத்தேன்,
நினைக்க நேரமிருந்ததே
அதுதான் எனக்கு என்னவோபோல் இருந்தது.
கவர்க்காரர்கள் பாய்ந்து வந்துகொண்டிருந்தார்கள்.
அவனால் எதுவும் சொல்ல முடியாது,
சொன்னால் பாட்டு அறுந்துவிடும்.
கபடி கபடி
அதே சொல் என் காதுக்கு மேலே
கொஞ்சம் தாழ்ந்தது. அவ்வளவே.

பிறகு என் கை காலி.
நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம்
உமியில் மல்லாந்து கிடந்தான்.
விசில்.

காலையில் சூசைமிக்கேல் கட்சி மாறியிருந்தான்:
"வெடிச்சதைப் பாத்தியா? பழைய ராஜு!"
"வெடிக்கவும் இல்ல மண்ணும் இல்ல,
இவன் பிடி லூசு" என்றான் ஹமீது.
அப்புறம்தான் என் ஞாபகம் வந்தது அவர்களுக்கு.
"நீதானே பிடிச்சே, சொல்லு.
கால் இருக்கா, போச்சா?"

வேர்வை, என்றேன். வழுக்கிருச்சு.
உமையாள் என் விரல்களைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

விட்டேனா, பறித்தானா?
கண்ணை மூடி ஓட்டுகிறேன், நிறுத்துகிறேன்.
கால் கையில் இருக்கிறது.
இல்லை.
சுண்டுவிரல் நகம் பாதி பெயர்ந்திருக்கிறது.
அது நண்டாகவும் இருக்கலாம்.