அமுக்கு, விடு

பொத்தானை அமுக்கினேன்.
ஒரு கர்ர்கூட இல்லை.
நெவாடாவின் கிழக்கு மூலை, உப்புச் சமவெளியின் ஓரம்,
அக்டோபர் காலை ஆறரை, உறைய இன்னும் இரண்டு டிகிரி.
ஒரு காலத்தில் ரீனோவுக்கும் சால்ட் லேக்குக்கும் ஆள் ஏற்றி
பதினோரு வருஷமாக எங்களை மட்டும் ஏற்றித் திரியும் பஸ்
வாயைத் திறக்கவில்லை.

ஹாலிஸ் பாய்சியிலிருந்து கிளம்பிவிட்டான்.
காசோலை சட்டைப் பையில் இருக்கிறதாம்.
மதியத்துக்குள் வந்துவிடுவான்.

பேட்டரியிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றான் டெல்மர்.
எதையும் அவன் அங்கிருந்துதான் ஆரம்பிப்பான்.
பன்னிரண்டு புள்ளி ஆறு. குறை சொல்ல முடியாது.
எர்த் கேபிளில் பூத்திருந்த பச்சையைக் கம்பி பிரஷால் தேய்த்தோம்.
கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று மூன்று முறை ஆட்டிப் பார்த்தேன்.
டாங்கில் குச்சியை விட்டால் ஒன்பது அங்குலம் டீசல்.
மறுபடி அமுக்கினேன்.
மறுபடியும் உப்புச் சமவெளியின் சத்தம்தான்.

டயர்க் கடை எட்சார்ட்டுக்குப் போன் போட்டோம்.
ஆடு மேய்க்க வந்த பாஸ்க் குடும்பம்,
சொல்லைச் செலவழிக்காத பரம்பரை.
"ஸ்டார்ட்டரில் ஸ்க்ரூடிரைவரை வை" என்றவன்
போனை வைத்துவிட்டான்.
டெல்மர் மல்லாந்து படுத்து அடியில் ஊர்ந்தான்.
நீலமாய் ஒரு பொறி.
எஞ்சின் அரைச் சுற்றுப் புரண்டது,
தூங்குகிறவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வதுபோல.

ஆக, எஞ்சினுக்கு ஒன்றுமில்லை.
முன்னாலிருந்து நான் சொல்வது
பின்னால் போய்ச் சேரவில்லை.

நடுவே முப்பத்தைந்து அடிக் கம்பி.
அது ஓடுவதோ எங்கள் வீட்டுக்குள்.

நான் சீட்டில். அவன் மீட்டரோடு.
"அமுக்கு."
அமுக்கினேன்.
"விடு."
ஆகஸ்டுக்குப் பிறகு இவ்வளவு நேரம்
நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

சமையல் அலமாரியைக் கழற்றினோம்.
பின்னால் ஒரு தேக்கரண்டி, ஓக்லஹோமா சுங்க ரசீது,
கருகிப்போன ஒரு பாப்கார்ன் சோளம்.
"அமுக்கு. இங்கே வருகிறது. விடு."
குளியலறைத் தடுப்பைக் கழற்றினோம்.
கோணலாகிப்போன அந்த ஓட்டு வரிசை.
மழையில் ஒட்டினோம், கோணல் யாரால் என்பது
இன்றுவரை தீராத வழக்கு.
"அமுக்கு. இங்கேயும் வருகிறது. விடு."
மெத்தையைத் தூக்க நானும் போனேன்.
அவன் பக்கம் ஒரு பள்ளம், என் பக்கம் ஒரு பள்ளம்,
நடுவே யாரும் படுக்காத மேடு.
அடியில் பலகையில் என் பென்சில் எழுத்து:
இருபத்து நாலேகால். டெல் அளந்தது தப்பு.
அவன் படித்தான். சிரிப்புபோல ஏதோ மூக்கில் வந்தது.
"போய் அமுக்கு" என்றான்.
அங்கேயும் வந்துகொண்டுதான் இருந்தது.

கடைசியில் பின்கதவைத் திறந்தோம்.
எஞ்சின் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி, அதில் ஒரு சுவிட்ச்.
முன், நிறுத்தம், பின்.
மெக்கானிக் உள்ளே கை விட்டிருக்கும்போது
முன்னாலிருந்து யாரும் கிளப்பிவிடக் கூடாதென்று வைத்தது.
"பின்" என்பதில் நின்றது.
பெட்டி முழுக்கப் பதினோரு வருஷ எண்ணெய் அழுக்கு.
சுவிட்சின் நுனி மட்டும் பளிச்சென்று.

செவ்வாய் ராத்திரி டார்ச்சோடு இறங்கிப் போனது யாரென்று
நட்மெக்குக்குத் தெரியும்.
வாலை ஆட்டிக்கொண்டே கூடப் போனது அதுதான்.
இப்போது ஏணிக்கடியில் படுத்து
எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறது.

டெல்மர் கையைப் பேன்ட்டில் துடைத்தான்.
"அதிர்வில் நகர்ந்திருக்கும்."
"இருக்கும்" என்றேன்.
சுவிட்சை அவன் தொடவில்லை. நானும் தொடவில்லை.

"முதலில் அலமாரியை மாட்டிவிடலாமே" என்றான்.
சரளைப் பாதையின் கோடியில் புழுதி எழும்பியிருந்தது.
நான்கு திருகில் மூன்று கிடைத்துவிட்டது.
நான்காவதைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.