ஒழுகல், அறை எண் பதினாலு

மழை நின்று பத்தொன்பது நாள்.
பாலாறு மறுபடி மணலாகிவிட்டது.
ஆஸ்பத்திரிக்குப் பின்சந்தில், மூன்றாம் மாடிக்கும் மேலே,
தகரம் போட்டு வாஹித் பாய் எழுப்பிய
பதினாலாம் அறை மட்டும்
விடியற்காலை நாலு மணிக்கு ஒழுகுகிறது.

தொட்டியைப் பார்க்க ஆள் வந்தான். தொட்டி கசியவில்லை.
கூரையின் ஒவ்வொரு திருகாணிக்கும் தார் வைத்தார்.
நூற்றிப் பதினொன்று. எண்ணிச் சொன்னார்.
கடைசியில்தான் என்னைக் கூப்பிட்டார்.
"இன்னா கன்னியப்பா, மேல பேய் எதுனா குளிக்குதா?"

ஜிப்சம் பலகையில் ஒரு சதுரம் அறுத்து
தலையை நுழைத்தேன்.
இருட்டு. வெந்த அரிசியின் வாசம்.
டார்ச் அடித்தால்
தகரத்தின் அடிவயிறெங்கும்
அம்மை வார்த்ததுபோல் நீர்.
ஒரு சொட்டு பக்கத்துச் சொட்டைச் சேர்த்துக்கொண்டு
சரிவில் ஓடி, ஆணி முனையில் தயங்கி
என் உதட்டில் விழுந்தது.
ருசி பார்த்தேன். தொழில் பழக்கம்.
எங்கள் ஊர் போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கும்.
இதில் உப்பே இல்லை.

கீழே குனிந்து பார்த்தேன்:
ஒரு கட்டில், மூன்று பாய்.
வங்காளத்திலிருந்து வந்த நாலு பேர்,
வந்து நாற்பது நாள்.
மின்னடுப்பில் சோறு கொதிக்கிறது.
சன்னல் இல்லாத சுவர்களுக்கு நடுவே
கொடியில் ஈரத் துணி.
குளிருக்குக் கதவடியில் கோணி.
கட்டிலில் கிடப்பவருக்கு
நாளைக்கு முக்கால் லிட்டர்தான் அனுமதி;
ஷெஃபாலி மருந்து மூடியில் அளந்து ஊற்றுகிறாள்.

"தண்ணி வெளியேருந்து வரல பாய்.
இவங்க மூச்சு, இவங்க சோறு, இவங்க துணி.
சூட்டுல மேல ஏறுது. வெளிய போக வழி கெடையாது.
மார்கழி ராத்திரி தகரம் சில்லுனு ஆனதும்
அப்படியே திரும்பி வருது."

பாய் நாலு பேரையும் பார்த்தார்,
மூச்சுக்கு வாடகை போட
மறந்துவிட்டவரைப் போல.

ரெண்டு ஓட்டை என்றேன்.
கதவோரம் கீழே ஒன்று, முகட்டில் ஒன்று.
"ஒண்ணு போதாதா?"
"பாட்டில கவுத்தா எப்படி முக்கி முக்கி ஊத்துது?
காத்தும் அப்படித்தான் பாய்.
வரவும் வழி வேணும், போகவும் வழி வேணும்."
ஒன்றுக்குத்தான் காசு கொடுத்தார்.

முகட்டில் நாலங்குலம் துளைத்தேன்.
எலிக்கு வலை, சாரலுக்கு வளைகுழாய்.
அறுத்த சதுரத்தில் ஜாலி பொருத்தி
ரசீதுப் புத்தகத்தில் ஒரு கீற்று கிழித்து
அதில் ஒட்டினேன்.
அசையவில்லை.
பாய் தாளைப் பார்த்தார், அப்புறம் என்னை.

நாங்கள் பேசியதில் ஒரு சொல்லும் விளங்காத ஷெஃபாலி
எழுந்து போய்க் கோணியை உருவினாள்.
கதவைத் திறந்து,
நாற்பது நாளாய்த் தேயாத
புருஷன் செருப்பை அண்டக் கொடுத்தாள்.

தாள் கொஞ்சம் யோசித்தது.
பிறகு மெல்ல
ஜாலிக்குள் நாக்கை நீட்டியது.

பாக்கிக்காகத் தை பிறந்து போனேன்.
வேறு ஆட்கள், வேறு பாஷை.
கதவு சாத்தி, அடியில் அதே கோணி.
செருப்பைக் காணோம்.
போட்டுக்கொண்டு நடந்தே இறங்கியிருக்கட்டும்.

பாயிடம் கேட்கவில்லை.
டிரில்லை எடுத்துக் கதவோரம் மண்டியிட்டேன்.
செங்கல் தூள் சிவப்பாய்க் கொட்டியது,
முதலில் வெளிப்பக்கம்,
கடைசிப் பிடி மட்டும் உள்பக்கம்.