ஏழாம் அறையைத் தவிர

எந்த அறை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்,
ஏழாம் அறையைத் தவிர.
முப்பதாயிரம் வோன், முன்கூட்டியே.
தரை சூடேறும், கட்டில் கிடையாது.
ஜன்னலைத் திறந்தால் துருப்பிடித்த கப்பல் ஒன்று
முகத்துக்கு நேரே நிற்கும். பயப்படாதீர்கள்.
காலை ஏழு மணிக்கு அதன் வயிற்றில் சுத்தியல் விழத் தொடங்கும்.
துரு தட்டுகிற பெண்கள்.
நானும் ஒன்பது வருஷம் தட்டினேன்,
அதனால் கொஞ்சம் சத்தமாகவே பேசுங்கள்.

கையுறை, ரப்பர் பூட்ஸ் எல்லாம் இந்தப் பக்கத்துச் சந்தையிலேயே கிடைக்கும்.
பாலம் தாண்டி பூசான் நகருக்குள் போய் ஏமாறாதீர்கள்.
மூன்றாவது சந்தில் பெக் என்று ஒருவர், விலை குறைக்க மாட்டார்;
திரும்பி நடந்தால் கூப்பிடுவார்.
கானாங்கெளுத்தி வாங்கினால் கண்ணைப் பார்த்து வாங்குங்கள்,
மீன்காரரின் கண்ணை அல்ல.
புதுக் காபிக் கடைகளைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம்.
படகுக் கொட்டகையில் நாற்காலி போட்டு
கோப்பைக்கு ஏழாயிரம் வாங்குகிறார்கள்.
அதே கொட்டகையில்தான் என் இடது கட்டைவிரல் நகம் போனது,
இலவசமாக.

சாப்பாடா?
வலைக் கிடங்குக்குப் பின்னால் ஒரு பச்சைக் கதவு.
பலகை இருக்காது, வாசனை இருக்கும்.
பன்றியெலும்புச் சூப்பு, உள்ளேயே சோறு.
உப்பில்லாமல்தான் வரும்; உப்பிட்ட இறால் குஞ்சு
கிண்ணத்தில் இருக்கும், நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.
துறைமுக விடுதியிலிருந்து வருவதாகச் சொல்லலாம்.
என் பெயர் வேண்டாம்.

பன்னிரண்டு வருஷமாக இதையே சொல்லியிருக்கிறேன்,
விளாதிவஸ்தோக் மாலுமிகளிடம்,
சியோலிலிருந்து கேமராவோடு வரும் ஜோடிகளிடம்.
பன்றி சாப்பிடாத தாஷ்கண்ட் வெல்டருக்கு
மூன்று முட்டை பொரித்துக் கொடுத்தாளாம் மியங்ஜா.

சீட்டு பிடித்தவள் அவள்தான். இருபத்தொரு பேர்.
பன்னிரண்டாம் மாதம் என் முறை, கூரைக்கென்று ஒதுக்கியிருந்தேன்.
பதினோராம் மாதம் சீட்டு உடைந்தது.
அவள் ஊரைவிட்டு ஓடவில்லை, அதுதான் கஷ்டம்.
ஓடியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன்.
இங்கேயே இருந்து சூப்பு காய்ச்சினாள்.
எதிரே வந்தால் நான் சந்து மாறினேன்.

கோபம் என்னுடையது,
பசி விருந்தாளியுடையது.
நல்ல சூப்பை நல்ல சூப்பென்று சொல்லாமல் எப்படி?
போய்வந்தவர்கள் சொல்வார்கள்:
"கேட்காமலே இரத்தக்குடல் ஒரு தட்டு வைத்தார்கள், காசு வாங்கவில்லை."
மனதுக்குள் கணக்குப் போடுவேன்.
தட்டு நாலாயிரம்.
கூரை தீர இன்னும் எத்தனை வயிறு.

போன மாதம் ஒரு மாலுமி பசியோடு திரும்பினான்.
பச்சைக் கதவு கழற்றிச் சுவரில் சாய்த்திருக்கிறதாம்,
கட்டடம் கைமாறிவிட்டதாம்.
"வேறெங்கே?" என்றான்.
வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை.

அன்று சாயங்காலம் அவளே வந்தாள்.
ஒரு துணிமூட்டை, ஒரு குழந்தை உட்காரும் அளவுக்குப் பெரிய பானை.
கடைக்குப் பின்னறையில்தானே தூங்கிக்கொண்டிருந்தாள்,
எனக்கு அது ஞாபகமில்லை.
"அறை இருக்கா?"
ஆறு அறை காலியாக இருந்தது.
ஏழின் சாவியைக் கொடுத்தேன்.
முப்பதாயிரத்தை எண்ணி வாங்கினேன், இரண்டு தடவை.

இரவு மழை.
படுத்துக்கொண்டே காத்திருந்தேன்,
கீழே வருவாள், அறை மாற்றிக் கேட்பாள்,
கேட்டதும் சொல்ல ஒரு வாக்கியம் தயாராக இருந்தது.
வரவில்லை.
மேலே பானை தரையில் நகரும் சத்தம்,
அப்புறம் சொட்டு, வெறும் பானையில், கணீரென்று;
என் கெட்டுப்போன காதுக்கும் கேட்டது.
விடிய விடிய அது நிறைந்து நிறைந்து
குரல் மாறிக்கொண்டே வந்தது.

காலையில் இரண்டு கையாலும் பானையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்,
வாசலில் கொட்டினாள், துணியால் துடைத்தாள்.
என்னைப் பார்க்காமல், புதிதாக வந்தவள் போல,
"இங்கே எங்கே நல்லா சாப்பிடலாம்?" என்றாள்.

சுத்தியல் தொடங்கிவிட்டது.
காதில் விழாதது போல இருந்தேன்.
பிறகு எழுந்துபோய் அடுப்படிக் கதவைத் திறந்துவைத்தேன்,
பானை நுழைய வேண்டுமே,
இரண்டு கதவையும்.