கூலி என்ற கட்டம்

மவேலா சந்தையிலிருந்து நாலு டன் உருளைக்கிழங்கு
இனாமாக வந்தது பர்காவுக்கு.
லாரிக்கு மட்டும் பதினைந்து ரியால்.
வெட்டினால் உள்ளே ஒரு பழுப்பு வளையம்,
அமுக்கினால் வளையத்திலிருந்து கசியும் வெள்ளைச் சீழ்.
மனிதருக்கு ஆகாது என்று தள்ளியது சந்தை.
கோழிக்கு ஆகுமா என்று கேட்டது எங்கள் அலுவலகம்.

கேள்வி என் மேசைக்குத்தான் வரும்.
தீவனக் கணக்கு நான்.

ஆகும் என்றார் டாக்டர் வஜீஹ்.
வேகவைத்தால் கிருமி சாகும்,
பச்சை விழுந்த தோலைச் சீவு,
முளையைக் கிள்ளு, வெயிலில் போடு.
வெயிலுக்கு இங்கே பில் வருவதில்லை.

எழுதினேன்.
அழுகல் கழித்தது ஒரு டன், மீதி மூன்று.
தண்ணீர் போனால் அறுநூறு கிலோ.
கிழங்கு என்பதில் முக்காலுக்கு மேல் தண்ணீர்தான்;
கடலைக் காய்ச்சிக் குடிக்கிற ஊரில்
அதை ஆவியாகப் போகவிட்டுப்
பார்த்துக்கொண்டு நிற்பது ஒருமாதிரி இருந்தது.
மக்காச்சோளம் டன் நூறு ரியால்; அதில் அறுபது மிச்சம்.
கிழங்கில் புரதம் போதாது, சோயாவுக்கு ஏழு.
லாரி பதினைந்து. கேஸ் பதினெட்டு.
அழுகலைப் புதைக்கச் சுண்ணாம்பு நாலு.
கையில் பதினாறு.

பிறகு கூலி.
ஆறு பேர், மூன்று நாள், தலைக்கு மூன்று ரியால்.
ஐம்பத்து நாலு.

சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.
இதை ஹமூதுக்கு அரபியில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.
திரையைத் திருப்பிக் காட்டினேன்:
சிவப்பில் முப்பத்தெட்டு.

அவர் கோபப்படவில்லை. எனக்கும் தேநீர் சொன்னார்.
"ராத்திரியில் சும்மாதானே இருக்கிறார்கள்?
ராத்திரி வெட்டட்டும்,
பகலை வெயில் பார்த்துக்கொள்ளும்."

ஒரு விசை. ஐம்பத்து நாலு சுழியம் ஆனது.
சிவப்பு கறுத்தது.
பதினாறு ரியால் லாபம்.
ரியாலுக்கு ஆயிரம் பைசா,
பதினாறாயிரம் என்று சொல்லிப் பார்த்தால்
கொஞ்சம் பெரிதாகக்கூடத் தெரியும்.

கொட்டகை வாசலில் குழல்விளக்கு.
ஆறு பேரும் குந்தி வெட்டுகிறார்கள்.
பகலெல்லாம் எருவள்ளிய கை.
மொத்தாலிப் ஒரு கிழங்கைப் பிளக்கிறான்,
ஒரு முனையில் மட்டும் பழுப்பு.
கெட்ட பாதி கோழிக்கு.
நல்ல பாதி அவன் முழங்காலுக்குப் பின்னாலிருக்கும்
பெயிண்ட் வாளிக்கு.
வாளி பாதி நிறைந்திருக்கிறது.
நிமிர்ந்து என்னைப் பார்க்கிறான்.
கத்தி நிற்கவில்லை.

அறையில் அவர்கள் அடுப்பில் மஞ்சள் வாசனை.

கணக்கைத் திறந்தேன்.
ஈரம் எண்பது சதவீதம் என்றிருந்ததை
எண்பத்தொன்று ஆக்கினேன்.
அறுநூறு, ஐந்நூற்றெழுபது ஆனது.
லாபம் பதிமூன்று.

ஏன் குறைந்தது என்று கேட்டார் ஹமூத் காலையில்.
கடலோரம் அல்லவா, என்றேன்,
காற்றில் ஈரம் அதிகம்.