உரைகல்

தேவகோட்டை நகைக்கடன் கிளையில்
மூன்றாம் மேசை என்னுடையது.
கல்லில் இழைத்து ஒரு சொட்டு அமிலம் விட்டால்
கவரிங் பச்சையாய் நுரைக்கும்.
பொய்யின் நிறம் எனக்கு மனப்பாடம்.

ராத்திரி லீதியாள் போனை நீட்டினாள்.
வெள்ளைக் கோட்டுப் பிரசங்கியார்:
ஐயாயிரம் விதைத்தால் நூறு மடங்காம்,
இன்று நள்ளிரவோடு வாசல் அடைபடுமாம்.
"கவரிங்" என்றேன்.
சிரித்தவள்
சோற்றைக் கிளறிக்கொண்டே கேட்டாள்:
"நீங்க ஜெபம் பண்ணி எத்தனை நாளாச்சு?"

மாத இலக்கு, தணிக்கை, ஷட்டர் இறக்கும்போது எட்டரை.
இதையெல்லாம் சொல்ல வாயெடுத்து
ரசம் ஊற்றச் சொன்னேன்.

விடியுமுன் எழுந்து
கொசுவத்திப் புகையில் முழங்காலிட்டேன்.
சிறுவயதில் படித்த ஜெபம், தடையில்லாமல் வந்தது.
கடனாளிகளை மன்னிக்கும் வரியில்
நாக்கு கல்லில் இழைபட்டது.

மேசை இழுப்பறையில்
புதுவயல் சிட்டாளின் வளையல்களுக்கு ஏல நோட்டீஸ்.
வட்டியை மட்டும் கட்டினால்
ஆறு மாதம் தள்ளிவைக்கலாம் என்று
அவளிடம் நான் சொல்லவில்லை.
அன்றைக்கு வரிசை வாசல்வரை நின்றது.

ஆமென் சொல்லாமல் எழுந்தேன்.
ஒன்பதரைக்கு அவள் எண்ணை அழுத்தினேன்.
மணி போய்க்கொண்டே இருக்கிறது.
எடு, தாயே.