மையில்லாமல்

பீல் நகரத்து நான்காம் மாடி.
மார்கழியில் நாலு மணிக்கே யன்னல் இருண்டுவிடும்.
கண்ணாடி மேசைக்குக் கீழே
கைபேசி விளக்கை மல்லாத்தி வைத்தேன்.

பித்தளை அச்சுகளில் பூ உண்டு, மணி உண்டு,
தமிழெழுத்து இல்லை.
இவருடைய முழங்கால் எக்ஸ்ரேயில்
எலும்புக்குப் பக்கத்துக் கறுப்பில்
'என் பிழைதான்' என்று வெட்டினேன்.
எகரத்தின் வயிறு கழன்று விழுந்தது.
ஒரு நூலளவு பாலம் விட்டு
மறுபடி.

சீட்டுக்காசில் முந்நூறு பிராங்க் எங்கே என்று
ஆடியில் அவளைக் கேட்டவள் நான்.
ஐப்பசியில் அது
என் குளிர்கோட்டுப் பையில் கிடந்தது.

மட்டையைக் குப்புறப் போட்டு
முதுகில்தான் அழுத்த வேண்டும்.
முதலாவதில் அச்சைத் திருப்ப மறந்தேன்:
கண்ணாடிக்கு மட்டும் விளங்கும் மன்னிப்பு.
இரண்டாவதில்
கோபம் கொஞ்சம் மிச்சமிருந்ததாக்கும்,
ழை கிழிந்தது.

மூன்றாவதற்கு மை பூசவில்லை.
கண்டால் காணட்டும்.
காணாவிட்டால் நான் சொல்லவேயில்லை.

வெள்ளிக்கிழமை லங்கந்தாலிலிருந்து மச்சாள்:
"வெறும் மட்டை வந்திருக்கு. எழுத மறந்திட்டீரோ?"
"லைற்றுக்குப் பக்கத்தில சரிச்சுப் பாரும்."

பிறகு பேச்சில்லை.
போனுக்குள் ஒரு நகம்
மேடேறி இறங்கும் சத்தம்.
ழையில்
கொஞ்சம் நின்றது.